ஐயாயிரம் ரூபாய்ப் பூசணிக்காய்

அத்தியாயம் 14

போன வாரம் ரூத்தை, ஒரு கருவாட்டுக் கூடைக்கும் யாரோ சீர் கொண்டுபோன அண்டாவுக்கும் நடுவே, காஞ்சிபுரம் பஸ்ஸில் நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறாள். கால் கடுத்திருக்கும். முதல் வேலையாக அவளைச் சுங்குவார்சத்திரத்தில் இறக்கிவிடுவோம்.

அவள் இறங்குவதற்குள் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. ரூத் சென்னையில் பாம்பு விஷத்தை ஆராய்ச்சி செய்கிறவள். முப்பத்தோரு வயது. கடிபட்டவரின் ஒரு சொட்டு ரத்தத்தைக் கொண்டே கடித்தது எந்தப் பாம்பு என்று சொல்லும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதற்கு டெல்லியில் பரிசு கொடுத்தார்கள். ஐயாயிரம் ரூபாய். 1973-இல் ஐயாயிரம் ரூபாய்க்குச் சுங்குவார்சத்திரத்தையே பேரம் பேசி வாங்கி, மிச்சத்தில் ஊர் முழுக்க ஒரு மாதம் டீயும் பன்னும் கொடுக்கலாம்.

பரிசு வாங்கிய நாலு விஞ்ஞானிகளையும் ரேடியோவுக்குக் கூப்பிட்டு, இந்தப் பணத்தை என்ன நல்ல காரியத்துக்குச் செலவு செய்வீர்கள் என்று கேட்டார்கள். பருத்தி ஆராய்ச்சிக்காரர் அநாதைப் பள்ளிக்கூடத்துக்குக் கிணறு என்றார். நட்சத்திரம் பார்க்கிறவர், தான் படித்த பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி என்றார். மூன்றாமவர் கண் சிகிச்சை முகாம் என்று ஆரம்பித்து, தன் தாயாரை நினைத்து அழுதுவிட்டார். ரூத் மட்டும் மளிகைக் கடையில் சாமான் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்க ஊர் மருந்தகத்துக்கு மண்ணெண்ணெயில ஓடுற பிரிஜ் ஒண்ணு. மிச்சப் பணத்துக்குப் பாம்புக்கடி மருந்து. மருந்து குளிர்ச்சியில இல்லேன்னா கெட்டுப்போயிடும்."

கல்லேரி கிராமமே பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டது. மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டன என்று சொல்கிறார்கள். செங்கமலம் மட்டும் எழுந்து போய்விட்டாள். போன ஆடியில் அவள் புருஷனை வேர்க்கடலைக் கொல்லையில் கட்டுவிரியன் கடித்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி பதிமூன்று மைல். ராஜகுளம் தாண்டுவதற்குள், பஸ்ஸிலேயே, அவள் மடியிலேயே, முடிந்துபோனான்.

ரூத் தன் சம்பளத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் முன்பணம் கட்டிவிட்டாள். பிரிஜ் இன்று சாயங்காலம் லாரியில் வருகிறது. மீதி மூவாயிரத்து இருநூறு ரூபாயை எடுக்க, வாலாஜாபாத் பேங்க்கில் பணம் எடுக்கும் சீட்டில் தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டு, போன தடவை வந்தபோதே அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்பா அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா?

சரி, பஸ் நின்றுவிட்டது.

டீக்கடை தசரதன் அவளைப் பார்த்ததும் கிளாஸைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"வா பாப்பா. மாலை வாங்கலாம்னு பார்த்தேன், பூக்காரி இன்னும் வர்ல."

"எதுக்கு அண்ணே மாலை?"

"இன்னா இப்டி கேக்கற? ஒரு பூசணிக்காவுக்கு ஐயாயிரம் ரூபா குடுத்த குடும்பம். ராஜா காலத்துலகூட நடந்ததில்ல. காயி தங்கமா, இல்ல உள்ள தங்கம் கீதா?"

ரூத் சிரித்தாள். தசரதன் தினமும் ஒரு கதை விடுகிற ஆள்.

"யாரு குடுத்தாங்க?"

"உங்கப்பாதான். காலையில உங்க கோயில்ல அறுப்புப் பண்டிகை ஏலம். மில்லுக்காரரு தாமசும் உங்கப்பாவும் மோதிக்கினாங்க பாரு, கோழிச்சண்டை தோத்துது. கடைசில உங்கப்பா, 'என் பொண்ணு ரூத் பேர்ல ஐயாயிரம்'னு ஒரே போடு. கோயில் மணிக்கூண்டுக்காம்."

ரூத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"டீ குடிச்சிட்டுப் போ பாப்பா. உங்கிட்ட காசு வேணாம். இனிமே எங்க இருந்து குடுப்ப நீ."

கல்லேரிக்கு ரெண்டு மைல். நடக்க நடக்கப் பூசணிக்காயின் விலை ஏறிக்கொண்டே போனது. ஏரிக்கரையில் ஒருவர் ஆறாயிரம் என்று கும்பிட்டார். களத்துமேட்டில் எட்டாயிரமும் ஒரு மோதிரமும் ஆயிற்று. ஊர் எல்லைக்கு வரும்போது பூசணிக்காய் இரண்டாகி, அவள் அப்பா கிறிஸ்துதாஸ் கவர்னர் தேர்தலுக்கு நிற்கப்போகிறார் என்ற செய்தியும் சேர்ந்திருந்தது.

எல்லையில் செங்கமலம் நின்றிருந்தாள். கையில் விளக்குமாறு.

"மருந்து ரூமை நல்லா கழுவி வெச்சிட்டேன் ரூத்தம்மா. மூலையில மூணு செங்கல் போட்டு மேடு கட்டிக்கிறேன், பொட்டிக்கு ஈரம் ஏறாம. பிரிஜ்ஜு நாலு மணிக்கு வந்துடும் இல்ல?"

பூசணிக்காய்ச் சேதி ஊர் முழுக்கத் தெரிந்தும், இவளிடம் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது.

"வரும்" என்றாள் ரூத். லாரி வரும் என்பது பொய்யில்லையே.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது பூசணிக்காய்தான். போதகர் வந்தால் மட்டும் உட்காரவைக்கும் பிரம்பு நாற்காலியில், தோளில் சரிகைத் துண்டோடு, காம்போரத்தில் ரோஜாப்பூ சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாம்பல் பூத்த கல்யாணப் பூசணி. ஆறு மாதக் கன்றுக்குட்டி அளவு இருக்கும். அடடா, எடைபோட்டுப் பார்த்தால் பதினெட்டு கிலோதான், ஆனால் உட்கார்ந்திருந்த தோரணைக்கு நூறு கிலோ சொல்லலாம்.

"கை கால் கழுவிட்டு சாப்புடு" என்றாள் அம்மா கிளாரா, அடுப்படியிலிருந்து. மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா எங்கம்மா?"

"பின்னால."

கிறிஸ்துதாஸ் பின்கட்டில், மாட்டுத் தொழுவத்துக்கும் வைக்கோல்போருக்கும் இடையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒல்லியான மனிதர். அன்றைக்கு இன்னும் பாதி ஒல்லியாகிவிட்டார்.

"அப்பா."

"அடிச்சிடு" என்றார் அவர் துண்டுக்குள்ளிருந்து. "அந்தக் கோலை எடுத்து நாலு போடு. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

"அந்தச் சீட்டு எங்கப்பா?"

"தாமஸ்கிட்ட. அவன்தான் மணிக்கூண்டுக் கமிட்டிக்குப் பொருளாளரு. ஐயாயிரம்னு நானே என் கையால எழுதி, சபை முன்னால குடுத்துட்டேன்."

ரூத் வைக்கோல்மேல் உட்கார்ந்தாள். அவர் சொன்ன கதையை, அவர் விக்கின இடங்களை விட்டுவிட்டு நான் சுருக்கித் தருகிறேன்.

அறுப்புப் பண்டிகையில் அவரவர் வயலில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் நாற்பது ரூபாய்க்குப் போகும், கேட்டவருக்குப் பெருமை, ஆலயத்துக்குப் பணம். கடைசியாக வந்தது தாமஸ் கொடுத்த பூசணி. மில் தாமஸுக்கும் கிறிஸ்துதாஸுக்கும் இருபது வருஷப் பகை. எதனால் என்று இருவருக்குமே மறந்துபோய்விட்டது, ஆனாலும் விடாமல் பராமரித்து வருகிறார்கள்.

"அவன் குடுத்த காயை அவனே ஐந்நூறுன்னு கேக்கறான்மா. திமிரைப் பாரு. எழுநூறுன்னேன். ஆயிரம்னான். ஒவ்வொரு தபாவும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். இவன் மூவாயிரம் வந்தப்புறம் விடமாட்டான், இன்னும் ஏத்தி விட்டு இவன் தலையில கட்டிடலாம்னு நெனச்சேன். நாலாயிரத்தைந்நூறுன்னான். நான் ஐயாயிரம்னேன். சத்தியமா சொல்றேன், அவன் ஐயாயிரத்தைந்நூறு சொல்லுவான்னு வாயைப் பார்த்துக்கினே இருந்தேன்."

"சொல்லல."

"மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கிறான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மணி அடிச்சிட்டாங்க."

அவர் துண்டை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் மணியார்டரைத் தூக்கினு சைக்கிள்ல போனேன். நாலணா கொறஞ்சதில்ல. ஒருத்தன் வந்து கேட்டதில்ல. என் பொண்ணு பணம்தான் என் கையில நிக்கல."

ரூத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவமானத்தில் சுருங்கி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் எதைக் கேட்பது? இவர் ஏமாற்றியவர் இல்லை, ஏமாந்தவர். அந்த வித்தியாசம் சோதனைக்கூடத்தில் பழகிய அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியானால் ஏமாற்றியது யார்? தாமஸ் ஏன் சரியாக ஐயாயிரத்தில் நின்றார்? ஐயாயிரத்துக்கு மேல் இந்த வீட்டில் ஒரு பைசா கிடையாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ரேடியோவில் பரிசுத் தொகையைச் சொன்னார்கள், சரி. கையெழுத்துப் போட்ட சீட்டு பைபிளுக்குள் இருப்பதை ரேடியோவில் சொல்லவில்லையே.

"இன்னைக்குக் கோயிலுக்கு பைபிளை யாருப்பா எடுத்துக்கினு வந்தது?"

"உங்கம்மாதான். எப்பவும் நான்தான் எடுத்துக்குவேன். இன்னைக்கு அவளே தூக்கி என் மடியில வெச்சா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

எழுந்தபோது தற்செயலாகச் சமையலறைக் கூரையைப் பார்த்தாள். அம்மா ஏற்றிவிட்ட பூசணிக்கொடி ஓடெல்லாம் படர்ந்திருந்தது. ஏழெட்டுக் காய். அவற்றில் இரண்டில், கோலிக்குண்டு அளவுப் பிஞ்சிலேயே அம்மா ஊக்கால் குத்திவைத்த அடையாளம் இருந்தது: ஒரு சிலுவை, கீழே மூன்று புள்ளி. பிஞ்சு வளர வளர அந்தத் தழும்பும் சேர்ந்து வளரும். கடவுளுக்கென்று ஒதுக்கிய காய் என்று அர்த்தம். அதைச் சாம்பாரில் போட அப்பாவுக்குக்கூடத் துணிச்சல் வராது.

கூரையின் நடுவில் ஒரு காம்பு வெட்டப்பட்டிருந்தது. வெட்டின இடத்தில் அம்மா வழக்கம்போல் சாம்பல் தடவியிருந்தாள்.

ரூத் உள்ளே போனாள். நாற்காலியிலிருந்த பூசணியின் சரிகைத் துண்டை விலக்கி, இரண்டு கையாலும் அதைத் திருப்பினாள். முதுகுப் பக்கம், சாம்பல் பூச்சுக்கு நடுவில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிலுவை. கீழே மூன்று புள்ளி.

தன் வீட்டுக் கூரையில் காய்த்த காயை அப்பா ஒரு ரூபாய்க்குக்கூடக் கேட்டிருக்கமாட்டார். தாமஸ் கொடுத்த காய் என்றால் உயிரையும் வைப்பார். இது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

"நீயாம்மா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"தாமஸண்ணன் வூட்டுக்கு இதை நீதானே கொண்டுபோய்க் குடுத்தே? எந்தத் தொகை வந்தா நிறுத்தணும்னு நீதானே சொன்னே?"

கிளாரா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மறுப்பாள் என்று ரூத் எதிர்பார்த்தாள். மறுத்திருந்தால் தேவலை.

"ஆமா."

"ரேடியோவுல நான் பேசினது கேட்டியா?"

"கேட்டேன். மறுநாள் காலையிலதான் பிஞ்சுல ஊக்கு வெச்சேன்."

மூன்று மாதம். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரூத் ஊருக்கு வந்தாள், பிரிஜ் விலைப்பட்டியலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள், எந்த மூலையில் வைப்பது என்று பேசினாள். அம்மா 'உம்' கொட்டிக்கொண்டே தோசை வார்த்தாள். தலைக்குமேல் கூரையில் காய் வளர்ந்துகொண்டிருந்தது.

"கேட்டிருக்கலாமே. என் மூஞ்சியைப் பார்த்து, பணம் குடுடின்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா சிரிச்சிருப்ப." என்றாள் அம்மா. "உனக்கு ஆறு வயசு. கடலைக்கொல்லையில கால்ல பாம்பு புடுங்கிச்சு. நொர தள்ளாத குறை. உன்னைக் கோயில் படியில போட்டுட்டு வேண்டிக்கினேன். எம் பொண்ணு பொழச்சா, அவ கைக்கு வர்ற மொத பெரிய பணம் ஆண்டவருக்குன்னு. பொழச்ச. இருபத்தஞ்சு வருஷமா எனக்குத் தூக்கமில்லடி. உன் சம்பளம் பூரா படிப்புக் கடனுக்குப் போச்சு. இதுதான் மொத பெரிய பணம். நீயோ ரேடியோவுல ஐஸ் பொட்டிங்கற."

ரூத் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவள் கணுக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், லென்ஸ் வைத்து அதைப் பார்த்திருக்கிறாள். விஷப்பல் இரண்டின் ஓட்டை இல்லை. பொடிப்பொடியாக வளைந்த இரண்டு வரிசைப் பல். தண்ணீர்ப்பாம்பு. ஒரு சொட்டு விஷம் கிடையாது. பயத்தில் மயங்கின குழந்தை, பயம் தெளிந்து எழுந்துகொண்டது.

அம்மா ஒவ்வொரு வருஷமும் ஆலயத்தில் எழுந்து நின்று அந்த அற்புதத்தைச் சாட்சி சொல்வாள். ரூத் எட்டு வருஷமாக வாயைத் திறந்ததில்லை. ஒரு தாயிடமிருந்து அதைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருந்தாள். இன்றைக்கு அது அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

லாரிக்குப் பின்னால் ஊரே வந்திருந்தது. கல்லேரிக்குள் லாரி வருவதே பெரிய விஷயம், அதன்மேல் சாக்குச் சுற்றிய பிரிஜ், ஊர்வலத்தில் சுவாமி மாதிரி ஆடி ஆடி வந்தால் கேட்கவேண்டுமா? டிரைவர் மாரி இறங்கி முண்டாசை அவிழ்த்து உதறினான்.

"யாரும்மா ரூத்து? மீதிப் பணத்தைக் குடுத்தா எறக்கிடுவேன். இல்லாட்டி திருப்பிக் கொண்டாரச் சொல்லிக்கிறாங்க."

செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். லாரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரூத்தின் வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"ரூத்தம்மா, எறக்கறதுக்கு முன்னாடி திருஷ்டி சுத்தணும். ஊர்க்கண்ணெல்லாம் இதுமேலதான் கீது. உங்க வூட்ல பெரிய பூசணிக்கா ஒண்ணு கீதாமே. குடேன்."

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. கேட்டவளுக்கு அந்தக் காயின் விலை தெரியாது. மற்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

ரூத் உள்ளே போனாள். சரிகைத் துண்டை எடுத்து நாற்காலியில் மடித்துப் போட்டாள். ரோஜாப்பூவை அப்படியே விட்டுவிட்டாள். பூசணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கிளாரா குறுக்கே நின்றாள்.

"அது ஆண்டவருடையதுடி."

"ஏலத்துல எடுத்தாச்சும்மா. என் பேர்ல. நீ ஏற்பாடு பண்ண விலைக்கே எடுத்தாச்சு. இப்ப இது என்னுது."

அம்மா விலகினாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

செங்கமலம் காயில் ஓட்டை போட்டுக் குங்குமம் அடைத்தாள், கற்பூரம் ஏற்றினாள், லாரியை மூன்று சுற்றுச் சுற்றினாள். பின்கட்டிலிருந்து எட்டிப்பார்த்த கிறிஸ்துதாஸ், "ஐயோ, ஐயாயிரம்" என்று சொல்லிவிட்டு மறுபடி துண்டுக்குள் போய்விட்டார். தூரத்தில் மில் தாமஸ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காய் தரையில் விழுந்த சத்தம் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு சில்லு உருண்டு வந்து கிளாராவின் காலடியில் நின்றது. அதில் சிலுவை இருந்தது. மூன்று புள்ளியும் இருந்தது.

"பணம்மா?" என்றான் மாரி.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. வாலாஜாபாத் பேங்க் நாளைக்குப் பத்து மணிக்குத் தொறக்கும்" என்றாள் ரூத். தாமஸைப் பார்த்துத்தான் சொன்னாள். "கையெழுத்து என்னுது. அந்தச் சீட்டு செல்லாதுன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். எறக்குங்க."

"பத்து மணி வரைக்கும் நானும் லாரியும் இங்கயே" என்றான் மாரி. "பணம் வராட்டி மறுபடி ஏத்திக்குவேன்."

ஆட்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். செங்கமலம் வழி காட்டிக்கொண்டு மருந்தகத்தை நோக்கி ஓடினாள்.

கிளாரா அந்தச் சில்லை எடுத்து முந்தானையில் துடைத்தாள். எல்லோர் முன்னாலும், ரூத்துக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"பேங்க்குக்குப் போய் அந்தச் சீட்டை அடிச்சிடு. ஆண்டவருக்குக் குடுத்ததைப் புடுங்கிக்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போ. அன்னிக்கு உன்னைக் காப்பாத்தினது யாருடி?"

ரூத் லாரியின் படியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். தழும்பு தெரியும்படி புடவைக் கரையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

"இங்க வாம்மா" என்றாள். "வந்து உக்காரு. உன் கண்ணாடியைப் போட்டுக்க."